ஓரிக்குக் கிடைக்காத கையறுநிலை

ஆண்டுதோறும் ஆடி பதினேழு, பதினெட்டு ஆகிய நாள்களில் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா அரசு விழாவாக நடைபெறுகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மக்கள் மலையேறுகிறார்கள். செம்மேட்டில் உள்ள ஓரியின் சிலைக்கு மாலை விழுகிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவனுக்கு இன்றும் இப்படியொரு விழா எடுக்கப்படுவது தமிழாசிரியனாகிய எனக்கு மகிழ்ச்சி தருவதே. ஆயினும் சில ஆண்டுகளாக ஒரு கேள்வி என்னை விட்டு அகலவில்லை. ஓரி மாண்டபோது அவனுக்காக அழுதவர் யார்?

புறநானூற்றில் ஓரியைப் பாடிய பாடல்கள் மூன்று. வன்பரணர் பாடியவை 152, 153; கழைதின் யானையார் பாடியது 204. மூன்றும் அவன் வாழ்ந்த காலத்துக் கொடையையும் வில்லாற்றலையும் பேசுபவை. ஓரியிடம் பரிசில் பெற்ற பாணர் சுற்றம் பசி நீங்கிய நிறைவில் ஆடலையும் பாடலையும் மறந்துவிட்டது என்கிறார் வன்பரணர். மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரருக்குக் கொடுத்த செய்தியை நாம் அறிவதோ பிரிவைப் பேசும் ஓர் அகப்பாடலில், கல்லாடனார் பாடிய அகநானூறு 209இல். வென்ற காரி ஓரியின் பெருந்தெருவில் நுழைந்தபோது எழுந்த ஆரவாரத்தைக் கபிலர் பாடுகிறார். அதுவும் நற்றிணையில், பரத்தை பற்றிய ஒரு மருதப்பாட்டில், உவமையாக! கிடைத்துள்ள சங்கப்பாடல்களில் ஓரிக்கென ஒரு கையறுநிலை இல்லை. பாடலை மறந்த பாணர்கள் அவன் இறந்தபோதும் பாடவில்லையோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இக்கேள்வியை முதலில் எழுப்பியவன் நானல்லன். என் வகுப்பில் பயின்ற கொல்லிமலை மாணவன் ஒருவன். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவனுடைய அண்ணன் மலைச்சாலையில் நேர்ந்த இருசக்கர வாகன விபத்தில் இறந்திருந்தான். கையறுநிலைப் பாடம் முடிந்த அன்று மாலை ஆசிரியர் அறைக்கு வந்தவன், தயங்கித் தயங்கிக் கைப்பேசியை நீட்டினான். "அண்ணனுக்காக நான் எழுதுன பாட்டு ஐயா, கேக்குறீங்களா?" என்றான். முரசு போன்ற தாளமும், அதன்மேல் விரைந்து ஓடும் பேச்சும் ஒலித்தன. அரை நிமிடம்கூடக் கேட்டிருக்கமாட்டேன். "இழவு வீட்டில் இப்படியா தம்பி கூச்சல் போடுவது?" என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்றிரவு மறுநாள் பாடத்துக்காகப் புறநானூற்றைப் புரட்டினேன். அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய 235ஆம் பாடல். அதில் நிலையாமைத் தத்துவம் முன்னே வந்து நிற்பதில்லை. கள் குறைவாக இருந்தால் அவன் என்ன செய்வான், நிறைய இருந்தால் என்ன செய்வான், சோற்றை எப்படிப் பகிர்வான், தலையை எப்படித் தடவிக் கொடுப்பான் என்று சின்னஞ்சிறு பழக்கங்களை அடுக்கிக்கொண்டே போகிறார். ஒவ்வொன்றின் முடிவிலும் 'மன்' என்னும் இடைச்சொல் வந்து விழுகிறது. இச்சொல்லுக்குத் தொல்காப்பியம் கூறும் மூன்று பொருள்களில் முதலாவது 'கழிவு', அதாவது 'அது முன்பு இருந்தது, இனி இல்லை' என்பது. திரும்பத் திரும்ப விழும் அந்த ஓரசையே அப்பாடலின் தாளம். வகுப்பில் பலமுறை விளக்கிய செய்திதான். அன்றிரவுதான் அது பறையடிபோல் என் செவியில் விழுந்தது.

அம்மாணவன் பாடிய இசையின் வரலாற்றையும் தேடிப் படித்தேன். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பில் கூல் ஹெர்க் என்னும் இளைஞர் ஒரு விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாக அந்த நாளையே கொண்டாடுகிறார்கள். ஒரே இசைத்தட்டின் இரு படிகளை வைத்துக்கொண்டு, பாடலில் தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை மீண்டும் மீண்டும் ஓடவிடுவது அவருடைய உத்தி. கொண்டாட்டத்துக்காகப் பிறந்த அவ்விசை இருபது ஆண்டுகளுக்குள் இரங்கலுக்கும் உரியதாயிற்று. 1990 ஜூலையில் ட்ராய் டிக்சன் என்னும் நடனக் கலைஞர் தம் 22ஆம் வயதில் தவறி விழுந்து இறந்தார். அவர் நினைவாகப் பீட் ராக், சி.எல். ஸ்மூத் இருவரும் 1992இல் ஒரு பாடலை வெளியிட்டனர். அதன் ஆங்கிலத் தலைப்பின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ட்ராய் என்ற பெயர் வரும். பாடலோ பெரும்பகுதி தாயையும் வளர்த்த உறவினரையும் பேசிச் சென்று, இறுதியில்தான் நண்பனிடம் வந்து சேர்கிறது. நம் ஒப்பாரியும் அப்படித்தான். ஒருவருக்காக அழத் தொடங்கும் பெண், முன்னர் மாண்ட தன் தாயையும் தந்தையையும் அழைத்துத்தான் முடிப்பாள். பீட் ராக் பழைய இசைத்தட்டிலிருந்து சாக்சபோன் துணுக்கொன்றை எடுத்துச் சுழலவிட்டார். ஒப்பாரிக்காரியும் வழிவழி வந்த அடிகளை எடுத்து, பெயரையும் உறவையும் மாற்றித்தானே பாடுகிறாள்?

இங்கே ஒரு வேறுபாட்டைக் குறித்தாக வேண்டும். நம் ஊர்ப்புறங்களில் ஒப்பாரி பெரும்பாலும் பெண்களுடையது. ஆண்கள் பந்தலில் துண்டைத் தோளில் போட்டு அமர்ந்திருப்பார்கள். சங்ககாலம் அப்படியன்று. பாரிக்காகக் கபிலரும், கோப்பெருஞ்சோழனுக்காகப் பொத்தியாரும் வாய்விட்டு அரற்றியிருக்கிறார்கள். மனைவியை ஈமத்தில் வைத்துவிட்டுத் தான் இன்னும் உயிரோடிருப்பதற்காகத் தன்னையே நொந்துகொள்கிறான் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை (புறம் 245). ஒரு மன்னன் அழலாம் என்றிருந்த மரபு பிற்காலத்தில் எங்கோ சுருங்கிவிட்டது.

முற்றிலும் அறுந்துவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது. வடசென்னையில் இழவு வீட்டில் ஆண்கள் இரவெல்லாம் பாடும் மரண கானா, இறந்தவரின் பெயரையும் சுற்றத்தையும் பாட்டில் கோத்துச் சொல்வது. அந்தக் கானாவும் ராப்பும் ஒரே மேடையில் சேர்ந்தது 2018 ஜனவரியில், பா. இரஞ்சித்தின் முயற்சியால் உருவான 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் நிகழ்ச்சியில். அக்குழுவைச் சேர்ந்த அரக்கோணம் அறிவு, 2021 மார்ச்சில் தீ உடன் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி' உலகெங்கும் கேட்கப்பட்டது. ஆட்டம்போட வைக்கும் அப்பாடலின் உள்ளே ஒப்பாரி இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் பெயரும், நிலமின்றி மறைந்த முன்னோரின் துயரமும் அதில் உள்ளன. பெயர் சொல்லி அழைப்பது, இழந்தவற்றை எண்ணிச் சொல்வது, தாளத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து சேர்வது. ஔவையிடம் நான் கண்டவை இவையே. அழத் தெரியாமல் வளர்க்கப்பட்ட ஓர் இளைஞன் அழுவதற்கு இவ்விசை இடம் தருகிறது. அதைத்தான் நான் கூச்சல் என்றிருந்தேன்.

மறுவாரம் அம்மாணவனை அழைத்து, பாட்டை முழுவதும் கேட்க வேண்டும் என்றேன். நம்பாமல் பார்த்தான். பிறகு போட்டுக்காட்டினான். பலாப்பழம் அறுக்கும்போது அண்ணன் கையில் தடவிக்கொள்ளும் எண்ணெய், மிளகுக்கொடி ஏறும்போது அவன் அடிக்கும் சீழ்க்கை, தம்பிக்காகப் பேருந்தில் துண்டு போட்டுப் பிடித்துவைக்கும் இருக்கை. ஒவ்வொன்றும் முடியும் இடத்தில் அண்ணன் பெயர் ஒருமுறை, பின் தாளம். "வீட்டுல பொம்பளைங்க எல்லாம் அழுதாங்க ஐயா. எனக்கு மட்டும் அழுகையே வரலை. இதை எழுதி முடிச்ச அன்னிக்குத்தான் வந்துச்சு" என்றான்.

அடுத்த கையறுநிலை வகுப்பில், அவன் இசைவோடு, ஔவையின் பாடலுக்குப் பின் அதையும் ஒலிக்கச் செய்தேன். கொல்லியின் தலைவனுக்குக் கிடைக்காத கையறுநிலை, அம்மலையின் பெயர் அறியப்படாத இளைஞன் ஒருவனுக்குக் கிடைத்திருக்கிறது.