சுங்கம் தவிர்த்த சோழனும் நெமிலி சாவடியும்

முதலாம் குலோத்துங்கன் பல போர்களை வென்றவன். கருணாகரத் தொண்டைமானைக் கலிங்கத்தின் மீது அவன் ஏவியது காஞ்சியில் வீற்றிருந்தபோதுதான் என்கிறது கலிங்கத்துப்பரணி. ஆயினும் அவனுக்கு நிலைத்த பெயர் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’.

இன்று சென்னையிலிருந்து அதே காஞ்சிக்கு வருகிறவர் ஸ்ரீபெரும்புதூர் அருகே நெமிலி சாவடியைக் கடக்கிறார். சாலை போடச் செலவாகிறது. கட்டணம் வாங்குவதே அநியாயம் என்று வாதிட நான் வரவில்லை. அந்தக் கட்டணம் எப்படி ஏறுகிறது என்பதில்தான் என் வழக்கு. 2008ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளின்படி அது ஆண்டுதோறும் 3 சதவீதம் ஏறும். மொத்த விலைக் குறியீட்டு உயர்வில் 40 சதவீதமும் அதோடு சேரும். எவரும் மனுக் கொடுக்க வேண்டாம், கொடி பிடிக்க வேண்டாம்.

பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளி அந்தச் சாவடிப் பக்கம் போகாமலே இருக்கலாம். அவர் கையிலுள்ள பட்டு போய் வருகிறது. கர்நாடகத்திலிருந்து கச்சாப் பட்டு லாரியில் வரும். கரைக்குக் கோர்வை போட்டு, முந்தானைக்குப் பேட்டு பிடித்து, மடித்துக் கட்டிய சேலை தியாகராய நகருக்கு வேனில் போகும். வழியிலுள்ள ஒவ்வொரு சாவடியும் வாடகையில் ஏறி, சேலை விலையில் வந்து உட்காரும். நெசவுக் கூலி மட்டும் அப்படித் தானாக ஏறாது. அதற்குப் பேச்சுவார்த்தை வேண்டும், கோரிக்கை மனு வேண்டும், கோட்டையிலிருந்து அறிவிப்பு வர வேண்டும். முதலுக்கு ஒரு நீதி, உழைப்புக்கு ஒரு நீதி!

இது புதுக் கதையும் அல்ல. 1865இல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிக்கு ரயில் விட்டது இந்தியன் டிராம்வே கம்பெனி என்ற ஆங்கிலேயத் தனியார் நிறுவனம். அக்காலத்து ரயில்வே கம்பெனிகள் பலவற்றுக்கு 5 சதவீதம் வரை வருமான உத்தரவாதம் இருந்தது; வருமானம் குறைந்தால் இந்தியர் வரிப்பணம் ஈடுகட்டியது. 1997இல் டெல்லி–நொய்டா பாலத்துக்குப் போட்ட ஒப்பந்தமோ 20 சதவீத ஆதாயத்துக்கு வழி செய்தது. அந்த ஆதாயம் கிடைக்காத ஆண்டின் குறை, திட்டச் செலவோடு சேர்ந்து வளர்ந்துகொண்டே போனது. பாலத்தின் கடன் தீரவே தீராது என்ற நிலை! 2016இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் வசூலை நிறுத்தியது; 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

நம் சாலைக்கும் ஒரு தீர்ப்பு உண்டு. மதுரவாயல்–வாலாஜாபேட்டைப் பகுதி குண்டும் குழியுமாகக் கிடந்தபோது, சென்னை உயர் நீதிமன்றம் 2020 டிசம்பரில் நெமிலி, சென்னசமுத்திரம் சாவடிகளில் பாதிக் கட்டணம்தான் வாங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. காசுக்கேற்ற சாலை, சாலைக்கேற்ற காசு. விலைக் குறியீட்டை மறக்காமல் எழுதியவர்கள் பள்ளத்தை எழுத மறந்ததால், நீதிமன்றம் எழுத வேண்டியதாயிற்று.

கம்பெனியின் கை எவ்வளவு நீளும் என்பதை 2025 ஜூலையில் தென்மாவட்டங்கள் பார்த்தன. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் 276 கோடி ரூபாய் பாக்கி என்று சாவடி நிறுவனங்கள் வழக்குப் போட, மதுரை அருகே கப்பலூர் உள்ளிட்ட நான்கு சாவடிகளில் அரசுப் பேருந்துகளை விட வேண்டாம் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அரசு பேசித் தீர்க்க முன்வந்த பிறகே அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. கடன் கடன்தான், கட்டத்தான் வேண்டும். ஆனால் காரில் போகிறவரையும், ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு நஷ்டத்தில் ஓடும் அரசுப் பேருந்தையும் ஒரே தராசில் நிறுப்பது பொதுநலன் ஆகாது.

பெங்களூரு அருகே ஹொஸ்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை 262 கிலோமீட்டருக்கு விரைவுச்சாலை நம் மாவட்டத்தின் வழியே வந்துகொண்டிருக்கிறது. சாலை கெட்டால் கட்டணம் தானாகப் பாதியாகும், அரசுப் பேருந்துக்கு விலக்கு உண்டு என்ற இரண்டு வரிகளை அங்கே சாவடிகள் திறக்கும் முன்பே விதியில் சேர்க்க வேண்டும். காஞ்சியின் நாடாளுமன்ற உறுப்பினரும் வணிகர் சங்கங்களும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் இதை இப்போதே டெல்லியில் கேட்க வேண்டும்.