திரையில் துடிக்கும் உயிர்... 'மானிட்டர் டெக்னீஷியன்' வேலை என்ன?

அமெரிக்க மருத்துவமனைகளின் இதய நோய் வார்டுகளில் ஈசிஜி திரையைக் கண்காணிப்பவர்தான் மானிட்டர் டெக்னீஷியன். பல இடங்களில் வார்டு கிளார்க் வேலையும் இவருக்கே!

என்ன வேலை?

ஒரே நேரத்தில் பல நோயாளிகளின் இதயத் துடிப்பு திரையில் ஓடும். தாளம் மாறினால் உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும். நடுநடுவே போன், அட்மிஷன், டிஸ்சார்ஜ் பேப்பர் வேலையும் உண்டு. சிகிச்சையை முடிவு செய்வது இவரல்ல.

சிக்கல் எங்கே?

அலாரம் அடிச்சுக்கிட்டே இருக்கும். நோயாளி புரண்டு படுத்தாலும், நெஞ்சில் ஒட்டிய பேட்ச் கழன்றாலும் ஒலிக்கும். கேட்டுக் கேட்டுப் பழகி, உண்மையான ஆபத்தைக் கவனிக்காமல் விடுவதே 'அலாரம் சோர்வு'. 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை, அலாரம் தொடர்பான 98 சம்பவங்கள் அந்நாட்டின் மருத்துவமனை அங்கீகார அமைப்பான ஜாயின்ட் கமிஷனிடம் பதிவாகின. அதில் 80 பேர் இறந்தனர்.

ஏன் அவசரம்?

இதயம் தாறுமாறாக அதிரும்போது, மின் அதிர்ச்சி சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும்.

தீர்வு?

நோயாளிக்கு ஏற்ப அலாரம் அளவை மாற்றுவது, பேட்ச்களைத் தினமும் மாற்றுவது. முக்கியமா, திரையைப் பார்ப்பவரிடம் போனையும் கொடுக்காமல் இருப்பது!