பட்டமும் பதவியும்: இந்தியப் பல்கலைக்கழகப் பட்டத்தின் மதிப்பு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கல்லூரிப் பட்டம் பெறுவதால் பயன் உண்டா என்னும் வினா இன்று புதிதாகத் தோன்றியதன்று. படிப்புகளில் இடங்கள் நிரம்பாமல் நிற்கும் காலங்களில் அது உரத்து ஒலிக்கிறது. 2010களின் பிற்பகுதியில் பொறியியல் கல்லூரிகளில் பெருந்தொகையான இடங்கள் நிரம்பாது போயின. அதனால் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் 2020-21ஆம் கல்வியாண்டு முதல் புதிய பொறியியல் கல்லூரிகளுக்கு இசைவு வழங்குவதை நிறுத்தி வைத்தது. அத்தடை 2023-24இல் விலக்கப்பட்டது. மறுபுறம், அகில இந்திய உயர்கல்வி ஆய்வு தரும் கணக்கின்படி, 2014-15இல் 3.42 கோடியாக இருந்த மாணவர் சேர்க்கை 2021-22இல் 4.33 கோடியாக உயர்ந்தது. மொத்தத்தில் ஏற்றமும் சில துறைகளில் இறக்கமும் ஒருங்கே நிகழ்கின்றன. ஆகவே சேர்க்கை எண்ணிக்கையை மட்டும் கொண்டு பட்டத்தின் மதிப்பை அளந்துவிட இயலாது. அம்மதிப்பை வழங்குவது எது என்பதை வரலாற்றின் வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பட்டத்தின் தோற்றம்

‘பட்டம்’ என்னும் சொல் நெற்றியில் அணியப்பெறும் பொன் தகட்டைக் குறித்து, பின்னர் அரசுரிமையையும் அரசர் வழங்கும் சிறப்புப் பெயரையும் குறிக்கலாயிற்று. ‘பட்டம் கட்டுதல்’, ‘பட்டம் சூட்டுதல்’ ஆகிய வழக்குகள் இதனைக் காட்டும். பல்கலைக்கழகம் வழங்கும் தகுதிக்கும் இச்சொல்லே வழங்கியது பொருத்தமானதே. பட்டம் என்பது ஒருவர் தாமே அடைந்துவிடுவதன்று; அதிகாரம் உடைய ஒன்று அவருக்கு அளிப்பது என்னும் பொருள் இச்சொல்லுள் முன்பே அடங்கியிருந்தது.

இந்தியாவில் பல்கலைக்கழகம் தோன்றுவதற்கு முன்பே கல்வியும் பதவியும் பிணைக்கப்பட்டுவிட்டன. 1844இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்சு, அரசுப் பணிகளில் ஆங்கிலக் கல்வி பெற்றோர்க்கு முன்னுரிமை தருமாறு ஆணையிட்டார். 1854இல் வெளியான சார்லசு வுட்டின் கல்வி அறிக்கையைத் தொடர்ந்து 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. அவை அக்கால இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டவை. கற்பித்தல் கல்லூரிகளின் பணியாகவும், தேர்வு நடத்திச் சான்றளித்தல் பல்கலைக்கழகத்தின் பணியாகவும் அமைந்தன. எனவே தொடக்கத்திலிருந்தே பட்டம் என்பது கற்றதன் பயன் என்பதைவிடத் தேர்வில் தேறியதன் சான்றாகவே விளங்கியது எனலாம்.

1858இல் கல்கத்தாவில் நடந்த முதல் இளங்கலைத் தேர்வில் பங்கிம் சந்திர சட்டோபாத்யாயரும் யதுநாத் போசும் தேர்ச்சி பெற்றனர். பங்கிம் சந்திரர் அதே ஆண்டில் துணை நீதிபதிப் பதவியில் அமர்ந்தார். பட்டம் பெற்றவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவினராக இருந்தமையால் பட்டமும் பதவியும் ஒன்றெனவே கருதப்பட்டன. பிற்காலத்தார் மனத்தில் நிலைத்துவிட்ட எதிர்பார்ப்பு, இச்சிறு தொகையினரின் அனுபவத்திலிருந்து பிறந்தது என்பது கருதத்தக்கது.

புலமையும் பட்டமும்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சி. வை. தாமோதரம் பிள்ளையும் கறல் விசுவநாத பிள்ளையும் ஆவர். தாமோதரம் பிள்ளை அரசுப் பணியிலும் நீதித்துறையிலும் உயர்ந்தவர். எனினும் தமிழுலகம் அவரைப் பதிப்பாசிரியராகவே நினைவுகூர்கிறது. 1887இல் அவர் கலித்தொகையை வெளியிட்டார். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். சாமிநாதையர் பல்கலைக்கழகத் தேர்வு எதனையும் எழுதிப் பட்டம் பெற்றவர் அல்லர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். சென்னைப் பல்கலைக்கழகம் 1932இல்தான் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. முதல் பட்டதாரி ஒருவரும் பட்டம் பெறாத ஒருவரும் ஒரே பணியை ஒரே ஆண்டில் செய்து நிறைவேற்றினர். புலமைக்குப் பட்டம் இன்றியமையாததன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆயின் இதன் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். 1880இல் சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் பணி ஏற்றது, ஓய்வு பெற்ற தியாகராச செட்டியாரின் பரிந்துரையால் ஆகும். தகுதி உடையவரைத் தகுதி அறிந்தவர் பரிந்துரைத்தமையால் தமிழ் பயனடைந்தது. இத்தகைய பரிந்துரை, அதற்குரிய தொடர்பு உடையோர்க்கே வாய்ப்பது. அத்தொடர்பு இல்லாதார்க்குப் பொதுத் தேர்வும் பட்டமுமே வழியாயின.

தேசியக் கல்வி இயக்கம் தரும் படிப்பினை

பட்டத்தின் மதிப்பை நேரடியாகச் சோதித்துப் பார்த்த நிகழ்வு வங்கத்தில் நடந்தது. 1905இல் வங்கப் பிரிவினையை எதிர்த்துக் கிளர்ந்த மாணவர்கள் மீது அரசு கட்டுப்பாடுகளை விதித்தது. கல்கத்தாப் பல்கலைக்கழகம் ‘அடிமைக்கூடம்’ என்று இகழப்பட்டது. 1906 மார்ச்சில் தேசியக் கல்விக் கழகம் நிறுவப்பட்டது. சுபோத் சந்திர மல்லிக் ஒரு இலட்சம் ரூபாய் வழங்கினார். அதே ஆண்டு ஆகத்தில் வங்க தேசியக் கல்லூரி தொடங்கப்பெற்றது. அரவிந்தர் அதன் முதல்வரானார். தொழிற்கல்வியே முதன்மையானது எனக் கருதிய தாரக்நாத் பாலித் முதலியோர் தனியே வங்கத் தொழில்நுட்ப நிலையத்தை நிறுவினர். 1910இல் இவ்விரு அமைப்புகளும் இணைந்தன.

தேசியக் கல்லூரியின் ஆசிரியர்கள் சிறந்தவர்கள். அதன் நோக்கம் உயர்ந்தது. தாய்மொழி வழிக் கல்விக்கு அது இடம் தந்தது. இருந்தும் மாணவர் தொகை குறைந்து அது நாளடைவில் மங்கியது. அதன் சான்றிதழ் அரசுப் பணிக்கோ வழக்குரைஞர் தொழிலுக்கோ வழிகாட்டவில்லை. இயக்கத்திற்குப் பொருள் வழங்கிய பாலித்தும் இராஷ்பிகாரி கோஷும் பின்னர்க் கல்கத்தாப் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரிக்கே பெருங்கொடை வழங்கினர். தொழில்நுட்பப் பிரிவோ நிலைத்து வளர்ந்து 1955இல் யாதவ்பூர்ப் பல்கலைக்கழகமாயிற்று. கைத்திறனை அளித்த பகுதி, அரசு ஏற்பு இல்லாத காலத்திலும் தாக்குப்பிடித்தது என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

ஒத்துழையாமை இயக்கக் காலத்திலும் இதுவே நிகழ்ந்தது. 1920இல் குஜராத் வித்யாபீடமும் ஜாமியா மில்லியா இசுலாமியாவும், 1921இல் காசி வித்யாபீடமும் தோன்றின. காசி வித்யாபீடம் வழங்கிய ‘சாஸ்திரி’ பட்டமே லால் பகதூரின் பெயரோடு ஒட்டி நாடறிந்ததாயிற்று. அரசு ஏற்காத பட்டம் ஒரு பிரதமரின் பெயராகவே நிலைபெற்றமை வரலாற்றின் விந்தையாகும். எனினும் விடுதலைக்குப் பின், 1960களில், இந்நிறுவனங்களும் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின்கீழ் நிகர்நிலைத் தகுதியைப் பெற்றன. அரசை மறுத்துப் பிறந்தவையும் அரசின் ஏற்பை நாட வேண்டியதாயிற்று.

பிரிக்க முயன்ற குழுக்கள்

பட்டதாரிகளின் வேலையின்மை 1930களிலேயே பெருஞ்சிக்கலாயிற்று. ஐக்கிய மாகாணத்தில் தேஜ் பகதூர் சாப்ரு தலைமையில் அமைந்த குழு 1935இல் இதுபற்றி அறிக்கை அளித்தது. 1948-49இல் செயல்பட்ட இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு, அரசின் நிர்வாகப் பணிகளுக்குப் பட்டத்தைக் கட்டாயத் தகுதியாகக் கொள்ளலாகாது எனப் பரிந்துரைத்தது. 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, தேர்ந்தெடுத்த துறைகளில் பட்டத்தையும் பணியையும் பிரிக்கத் தொடங்கலாம் என்றது. இன்றும் குடிமைப் பணித் தேர்வு எழுதப் பட்டம் வேண்டும்.

இம்முயற்சிகள் வெற்றி பெறாமைக்குரிய காரணத்தை ரொனால்டு டோர் 1976இல் வெளியிட்ட ‘பட்ட நோய்’ பற்றிய நூல் விளக்குகிறது. விண்ணப்பிப்போர் பெருகும்போது வேலை தருவோர் சல்லடையின் கண்ணைச் சிறிதாக்குகின்றனர். பள்ளி இறுதித் தேர்ச்சி போதிய இடத்தில் இளங்கலையும், இளங்கலை போதிய இடத்தில் முதுகலையும் கேட்கப்படுகின்றன. வேலை மாறுவதில்லை, அதற்குரிய வாயில் மட்டுமே உயர்கிறது. இந்நிலையில் பட்டம் பெறுவதால் வரும் பயன் குறைந்தாலும், பெறாமையால் வரும் இழப்பு கூடுகிறது. பட்டத்திற்குப் பயன் இல்லை என்போரும் தம் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புவதன் காரணம் இதுவே.

யாருக்குப் பயன்?

பட்டத்தின் மதிப்பு எல்லார்க்கும் ஒன்றன்று. 1878இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் பெண்களுக்குத் தேர்வு வாயிலைத் திறந்தது. 1883இல் காதம்பினி கங்கூலியும் சந்திரமுகி பாசுவும் பட்டம் பெற்றனர். காதம்பினி மருத்துவராகவும் ஆனார். அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பி, 1917இல் பரோடா அரசில் பணி ஏற்றபோது, தங்குவதற்கு ஓர் இடம் கிடைக்காமல் அவ்வூரை விட்டு நீங்க நேர்ந்தது. பட்டம் சாதியை வெல்லவில்லை. ஆனால் அவர் தம் மக்களுக்காக வாதாடியபோது, அவருடைய தகுதியை எவராலும் மறுக்க இயலவில்லை. நிலமும் செல்வமும் உறவின் துணையும் உடையார்க்குப் பட்டம் ஓர் அணிகலன். அவை இல்லாதார்க்கு அது பலர் முன் காட்டத்தக்க ஒரே ஆவணம்.

இந்நோக்கிலேயே இன்றைய புள்ளிவிவரத்தையும் படிக்க வேண்டும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022இல் பட்டதாரி இளைஞரிடையே வேலையின்மை 29.1 விழுக்காடு, எழுதப் படிக்கத் தெரியாத இளைஞரிடையே 3.4 விழுக்காடு. இதனைக் கல்லாமையே நன்று எனக் கொள்ளுதல் பிழையாகும். கல்லாத ஏழை இளைஞர் வேலையின்றி இருக்க இயலாது; கிடைத்த கூலிக்குச் செல்கின்றார். பட்டதாரி தம் படிப்புக்கேற்ற பணிக்குக் காத்திருக்கிறார். முதல் எண் ஏமாற்றத்தைக் காட்டுகிறது. இரண்டாம் எண் வறுமையை மறைக்கிறது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று கருத்துகள் புலனாகின்றன. ஒன்று, பட்டத்தின் சந்தை மதிப்பு அதனுள் அடங்கிய கல்வியால் மட்டும் அமைவதன்று. அதனை ஏற்கும் அதிகாரத்தாலும், பெற்றோர் தொகையாலும் அமைகிறது. இரண்டு, சேர்க்கை குறைவது ஒரு துறையின் அறிவுமதிப்புக் குறைந்ததற்குச் சான்றாகாது. வங்க தேசியக் கல்லூரி வெறுமையுற்றது அதன் கல்வி தாழ்ந்தமையால் அன்று. மூன்று, பட்டத்தைப் பதவியினின்று பிரிப்பதாயின், அதன் இடத்தில் அனைவர்க்கும் பொதுவான, நடுநிலை வாய்ந்த வேறொரு சான்று வேண்டும். அஃதின்றிப் பிரித்தால் பழைய பரிந்துரை முறையே திரும்பும்.

மொழித்துறைகளில் பணிபுரிவோர்க்கு இவ்வரலாறு தனிப்பொருள் உடையது. தமிழ் பயில வரும் மாணவர் சிலரேயாயினும், இப்பட்டத்தால் என்ன கிடைக்கும் என அவர் கேட்கும் வினா நேர்மையானது. புலமையின் பெருமையை மட்டும் எடுத்துரைப்பது அதற்கு விடையாகாது. சுவடி படித்தல், பதிப்பித்தல், மொழிபெயர்த்தல், அகராதி தொகுத்தல் முதலிய செய்திறன்களைப் பட்டத்தோடு சேர்த்து அளித்தல் வேண்டும். யாதவ்பூரில் நிலைத்து நின்றது அத்தகைய கல்வியே. தாமோதரம் பிள்ளையின் பட்டமும் சாமிநாதையரின் பயிற்சியும் ஒருவரிடத்தே கூடுமாறு செய்தல் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் கடமையாகும்.