பல்லைப் பற்றிய படை
அத்தியாயம் 6: மறைந்திருந்த பிடி

சென்ற வாரம் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில், பல் துலக்குவதை நிறுத்திய 12 பேரோடு நின்றோம். 1965இல் ஹரால்ட் லோவின் குழு வெளியிட்ட முடிவு இதுதான்: 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது, மறுபடி பிரஷ்ஷை எடுத்ததும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் தணிந்தது. பல்லில் படியும் பாக்டீரியாப் படலமே குற்றவாளி என்பதில் இனிச் சந்தேகமில்லை.

ஆனால் அந்தப் படலம் பல்லில் நிற்பது எப்படி? வாயில் தினமும் அரை முதல் ஒன்றரை லிட்டர் உமிழ்நீர் சுரக்கிறது. எதையாவது பற்றிக்கொள்ளத் தெரியாத பாக்டீரியா விழுங்கப்பட்டு வயிற்றுக்குப் போய்விடும்.

பாஸ்டனின் ஃபோர்சித் பல் மருத்துவ மையத்தில் ரொனால்டு கிப்பன்ஸ் இந்தக் கேள்வியை ஆண்டுக்கணக்கில் விடவில்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சலிவேரியஸ் என்ற பாக்டீரியா நாக்கில் செழிக்கிறது, பல்லிலோ அரிதாகவே தென்படுகிறது. ஒவ்வோர் இனமும் தனக்கான இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது என்றால், அங்கே அது எதைத் தொடுகிறது?

எனாமலின் தாதுவான ஹைட்ராக்ஸிஅபடைட்டில் செய்த சிறு மணிகள்மீது உமிழ்நீர்ப் புரதங்களைப் பூசி, கதிரியக்க அடையாளமிட்ட பாக்டீரியாவை அவற்றோடு கலந்து, எத்தனை ஒட்டின என்று அவரது குழு அளந்தது. 1988இல் கிப்பன்ஸும் டொனால்டு ஹேயும் வெளியிட்ட முடிவை இன்று படித்தாலும் வியப்பாக இருக்கிறது. புரோலின் செறிந்த உமிழ்நீர்ப் புரதம் திரவத்தில் மிதக்கும்போது ஆக்டினோமைசிஸ் என்ற பாக்டீரியா அதைச் சட்டை செய்யவில்லை. அதே புரதம் மணியில் படிந்ததும், அந்தப் பாக்டீரியா தன் நுண்ணிழைகளால் அதை இறுகப் பற்றிக்கொண்டது!

பல்லில் படியும்போது புரதத்தின் மடிப்பு மாறுகிறது. உள்ளே மறைந்திருந்த ஒரு பகுதி வெளியே வருகிறது. பாக்டீரியா தேடியது அந்தப் பகுதியைத்தான். மிதக்கும் புரதத்தைப் பிடித்து அதனோடு அடித்துச் செல்லப்படாமல், நிலையாகப் படிந்ததை மட்டும் பற்றும் இந்தத் தந்திரத்தைவிடக் கூர்மையான ஒன்றை நுண்ணுயிர் உலகில் நான் அறியேன்.

இதெல்லாம் ஈறுக்கு மேலே நடப்பது. ஈறுநோயின் முக்கியக் குற்றவாளியான போர்ஃபிரோமோனஸ் ஜிஞ்சிவாலிஸ் வாழ்வதோ ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே, ஆக்சிஜன் அருகிய பிளவில். அங்கே அதன் எதிரில் இருப்பவை நம் திசுவின் கொலாஜனும் ஃபைப்ரோநெக்டினும். முழுதாக இருக்கும் அந்தப் புரதங்களைவிட, ஓரளவு வெட்டுப்பட்டவற்றையே அதன் நுண்ணிழைகள் வலுவாகப் பற்றுகின்றன.

அப்படியானால் வெட்டியது யார்? கிருமியைக் கொல்ல நம் உடல் அனுப்பிய வெள்ளணுக்களா? இல்லை, ஒட்ட வந்தவனே கத்தியோடு வந்தானா?

(தொடரும்)