‘ஞாபக மறதி இருக்கா?’: நோயாளி சொல்லும் பதிலை எவ்வளவு நம்பலாம்?

70 வயதைத் தாண்டிய ஒருவரிடம் “ஞாபக மறதி இருக்கா?” என்று கேட்டால், “அதெல்லாம் ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்” என்பார். பக்கத்தில் நிற்கும் மகளோ, “காலையில இருந்து இதையே நாலு தடவ கேட்டுட்டாரு” என்பார். யார் சொல்வது சரி? அறிவாற்றல் குறைபாட்டைக் கண்டறியும் கேள்வித்தாள்களிலும் இதே சிக்கல்தான்.

ஏடி8 என்றால் என்ன?

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட கேள்வித்தாள் இது. மொத்தம் 8 கேள்விகள். கேட்டதையே திரும்பக் கேட்பது, மாதம் அல்லது வருடத்தை மறப்பது, பண விவகாரங்களில் தடுமாறுவது போன்றவற்றில் கடந்த சில வருடங்களில் மாற்றம் தெரிகிறதா என்று கேட்கும். 2 அல்லது அதற்கு மேல் ‘ஆம்’ என்றால், டாக்டரைப் பார்ப்பது நல்லது.

இதை முதலில் நோயாளியின் உறவினரிடம்தான் கேட்டார்கள். நோயாளியே பதில் சொன்னாலும் பலன் உண்டா என்பதைச் சோதித்த ஆய்வு 2007-ல் வெளியானது. பலன் இருந்தது, ஆனால் உறவினர் பதில் அளவுக்கு இல்லை.

துல்லியத்தை எப்படிச் சோதிக்கிறார்கள்?

கேள்வித்தாளை நிரப்பியவர்களையே டாக்டர் தனியாக விரிவாகப் பரிசோதிப்பார். கேள்வித்தாள் மதிப்பெண் அவருக்குத் தெரியக் கூடாது. பிறகு இரண்டையும் ஒப்பிட்டு, குறைபாடு உள்ளவர்களில் எத்தனை பேரைக் கேள்வித்தாள் பிடித்தது, இல்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக விலக்கியது என்று பார்ப்பார்கள்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 1,000 பேரில் 100 பேருக்குக் குறைபாடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். கேள்வித்தாள் இரண்டு விதத்திலும் 80% சரி என்றால், 80 பேர் பிடிபடுவார்கள், 20 பேர் தப்பிவிடுவார்கள். குறைபாடே இல்லாத 900 பேரில் 180 பேருக்கும் ‘குறைபாடு இருக்கலாம்’ என்று வரும். ஆக, சந்தேகத்துக்குள்ளான 260 பேரில் உண்மையில் குறைபாடு உள்ளவர்கள் 80 பேர் மட்டுமே.

எங்கே தவறுகிறது?

பதில் சொல்லும் மூளையே பாதிக்கப்பட்டிருப்பதுதான் காரணம். நோய் முற்ற முற்ற, மறதி இருப்பதே சிலருக்குத் தெரியாமல் போகும். மாறாக, மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை உள்ளவர்கள், பரிசோதனையில் நன்றாகச் செய்தாலும் “எல்லாமே மறந்துபோகுது” என்பார்கள்.

என்ன செய்யலாம்?

மதிப்பெண் குறைவு என்று நிம்மதியடையவும் வேண்டாம், அதிகம் என்று பதறவும் வேண்டாம். மாற்றத்தை வீட்டில் உள்ளவர்கள் கவனித்திருந்தால், டாக்டரிடம் போகும்போது அவர்களும் கூடவே போய்ச் சொல்ல வேண்டும். தைராய்டு, வைட்டமின் பி12 குறைபாடு, சில மாத்திரைகள் போன்ற சரிசெய்யக்கூடிய காரணங்களாலும் மறதி வரலாம்.