களிமண்ணில் உயிருருவம்

ஆதிபகவான் விருஷபதேவர் மக்களுக்குக் கற்பித்தருளிய அறுதொழில்களுள் சில்பமும் ஒன்று என்று ஜினசேனாசாரியாரின் ஆதிபுராணம் உரைக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் ஹேமசந்திராசாரியார் இயற்றிய திரிஷஷ்டி சலாகா புருஷ சரித்திரம், முதற்கலம் பிறந்த வரலாற்றையும் கூறுகிறது. யானைமேல் வீற்றிருந்த பகவான், ஈரக் களிமண்ணை வருவித்து, அதனை யானையின் மத்தகத்தின்மீது வைத்துக் கலமாக வனைந்து காட்டினார் என்பது அவ்வரலாறு. கும்பம் என்னும் சொல் குடத்தையும் யானையின் மத்தகத்தையும் ஒருங்கே குறிப்பது இங்கு எண்ணத்தக்கது.

விலங்கின் வடிவத்திலேயே கலம் வனையும் வழக்கம் பல பழம்பெரும் நாகரிகங்களில் இருந்தது. துருக்கி நாட்டுக் குல்தெப்பேயில், அசீரிய வணிகர் குடியேறி வாழ்ந்த காலத்தைச் சார்ந்த சிங்க வடிவக் கலங்கள் கிடைத்துள்ளன. அவை ஏறத்தாழ 3,800 ஆண்டுப் பழமையுடையன. கிரேக்கர் ஆட்டுத்தலை, கழுதைத்தலை வடிவங்களில் மதுக்கிண்ணங்கள் செய்தனர். ஈரானின் கிலான் பகுதியிலுள்ள மார்லிக் மேட்டில், 1961–62ஆம் ஆண்டுகளில் எஸ்ஸத் நெகபான் தலைமையில் நிகழ்ந்த அகழாய்வில், ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட திமில் எருதுக் கலங்கள் வெளிப்பட்டன. உயர்ந்த திமிலும் திரண்ட உடலும் கொண்ட அவ்வெருதின் முகமே நீர் வார்க்கும் மூக்காக நீண்டிருக்கும்.

அக்கலங்களைப் பின்பற்றிக் குடிகலம் வனையும் குயவர் இன்றும் உளர். உள்ளீடற்ற உடலையும் கால், கொம்பு முதலிய உறுப்புகளையும் தனித்தனியே செய்து, குழைத்த மண்ணால் ஒட்டுவர். சுவரின் கனம் எங்கும் சீராக இல்லாவிடில் உலரும்போதே விரிசல் காணும். முற்றும் மூடிய உறுப்புகளில் சிறு துளை இடாவிடில் சூளையில் அவை வெடித்துப் போகும். பண்டைக் குயவர் மண்ணின் மேற்புறத்தைத் தேய்த்து மெருகேற்றி நீர் கசிவதைக் குறைத்தனர். இக்காலத்தார் பளிங்குப்பூச்சிட்டு, ஏறத்தாழ 1,200 பாகை வெப்பத்தில் சுடுகின்றனர். குடிகலத்திற்கு ஈயம் கலந்த பூச்சு ஆகாது.

இத்தகைய கலம் சமண இல்லத்திற்கு ஏற்றதா என்னும் வினாவுக்கு நம் நூல்களே விடை தருகின்றன. ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய யசோதர காவியத்தில், அரசன் யசோதரன் தாயின் சொற்படி மாவினால் செய்த கோழியைப் பலியிடுகிறான். குருதி சிந்தவில்லை, ஆயினும் கொல்லும் எண்ணம் இருந்தமையால் தாயும் மகனும் விலங்குப் பிறவிகள் பல எடுத்துழன்றனர். வடிவத்தைவிட, அவ்வடிவத்தை நோக்கும் உள்ளமே வினைக்கு வித்து என்பது இதனால் விளங்கும். அதே விலங்குருக்கள் தீர்த்தங்கரர்களின் இலாஞ்சனங்களாகவும் நின்று போற்றப்படுகின்றன. எருது ஆதிநாதருக்கும் யானை அஜிதநாதருக்கும் உரியன அல்லவா?

மற்றொன்று நீரைப் பற்றியது. நீரை வடிகட்டிப் பருகுவது சிராவகர் ஒழுக்கம். எருதின் குறுகிய முகத்துள்ளும் வளைந்த கழுத்துள்ளும் ஈரம் தங்கினால் அங்கே நுண்ணுயிர்கள் தோன்றும். கண்ணும் கையும் எட்டாத இடத்தைத் தூய்மை செய்தல் இயலாது. ஆகவே கை நுழையுமளவு அகன்ற வாயும், புறத்தே மட்டும் விலங்குருவும் கொண்ட கலமே சமணருக்கு உகந்தது. அத்தகைய கலத்தில் வடித்த நீரைப் பெறும் குழந்தை, எருதையும் யானையையும் தன்னைப் போன்ற உயிர்களாகவே எண்ணி வளரும்.