‘நீங்களே ரிசைன் பண்ணிடுங்க...’ கையெழுத்து போடும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

திடீர்னு ஒரு மீட்டிங். எதிரே ஹெச்.ஆர். “நீங்களே ரிசைன் பண்ணிட்டா எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர்ல பிரச்னை வராது” என்கிறார். பதற்றத்தில் பலர் உடனே கையெழுத்து போட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு கையெழுத்தால் இழப்பது என்ன?

லே-ஆஃப் வேறு, ஆட்குறைப்பு வேறு

நாம் பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் ‘லே-ஆஃப்’ என்கிறோம். சட்டப்படி லே-ஆஃப் என்பது தற்காலிகமாக வேலை தர முடியாத நிலை மட்டுமே, வேலை பறிபோகாது. நிரந்தரமாக அனுப்புவதுதான் ஆட்குறைப்பு.

சட்டம் என்ன சொல்கிறது?

2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு அமலில் உள்ளது. அதன்படி, ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளரை ஆட்குறைப்பு செய்தால்:

* காரணத்துடன் ஒரு மாத எழுத்துபூர்வ நோட்டீஸ் அல்லது ஒரு மாதச் சம்பளம்
* பணியாற்றிய ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சராசரி சம்பளம் இழப்பீடு
* மறுதிறன் பயிற்சிக்காக மேலும் 15 நாள் சம்பளம், 45 நாட்களுக்குள்

நீங்களே ராஜினாமா செய்தால் இந்த மூன்றும் கிடையாது. 5 ஆண்டு முடித்தவர்களுக்கு கிராஜுவிட்டி மட்டும் ராஜினாமா செய்தாலும் உண்டு. பாக்கிச் சம்பளத்தை 2 வேலை நாட்களுக்குள் தரணும். இது ராஜினாமாவுக்கும் பொருந்தும்.

ஐடி ஊழியர்களுக்குப் பொருந்துமா?

பொருந்தும். ஆனால் மேலாளர், நிர்வாகப் பணியில் இருப்பவர்கள், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்கள் ‘தொழிலாளர்’ வரம்பில் வரமாட்டார்கள். விசிட்டிங் கார்டில் ‘மேனேஜர்’ என்று இருந்தால் மட்டும் போதாது. உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதுதான் கணக்கு.

அரசின் முன் அனுமதி வேண்டாமா?

300 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள தொழிற்சாலை, சுரங்கம், தோட்டங்களுக்கு முன் அனுமதி கட்டாயம். முன்பு இந்த வரம்பு 100 ஆக இருந்தது. ஐடி அலுவலகங்கள் இந்தப் பட்டியலில் இல்லை.

என்ன செய்யலாம்?

* அந்த அறையிலேயே கையெழுத்து போடாதீங்க. “மெயில்ல அனுப்புங்க, படிச்சுட்டு சொல்றேன்” என்று கேளுங்க.
* ராஜினாமா செய்யச் சொன்னதைக் குறிப்பிட்டு, விருப்பமில்லை என்று மெயிலில் பதில் அனுப்புங்க.
* பணி நியமனக் கடிதம், சம்பள ரசீதுகளை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்க. ஆபீஸ் லாகின் எப்போது வேண்டுமானாலும் முடக்கப்படலாம்.
* கட்டாயப்படுத்தினால், தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் 2 ஆண்டுகளுக்குள் முறையிடலாம்.

கையெழுத்து போட்ட பிறகும் ‘மிரட்டி வாங்கினார்கள்’ என்று வாதிடலாம். ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான்.